கிணற்றுத் தண்ணீரும் ஐம்பத்திரண்டு கட்டுரைகளும்

போன வருடம் மரகதவல்லியின் பெயரில் ஐம்பத்திரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை, படிக்கவுமில்லை. ஆராய்ச்சிப் பண்பாட்டை வளர்க்கிறோம் என்று பல்கலைக்கழகம் வாங்கிய எந்திரம், ஒவ்வோர் ஆசிரியருக்கும் வாரம் ஒன்று எழுதித் தள்ளியது. வேதியியல் துறையில் அவரைப் பேராசிரியர் ஆக்கியது அந்தக் கட்டுரைகள்தான்.

அவர் கைப்பட நடத்திய ஆராய்ச்சி ஒன்றே ஒன்று. மாணவி நிறைமதி தன் ஊர்க் கிணறுகளிலிருந்து இரண்டு வருடம் பஸ்ஸில் சுமந்து வந்த தண்ணீரை இருவரும் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு அளவுக்கு மீறியிருந்தது. எப்போதும் கறை படிந்த பற்களைக் கையால் மறைத்துக்கொண்டே பேசுகிற நிறைமதி, அன்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"இனிமே கலெக்டர் ஆபீஸ்ல நம்பித்தானே ஆகணும் மேடம்?"

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை பதினொரு நிமிடத்தில் திரும்பி வந்தது. 'இவ்வூர்த் தண்ணீர் குடிக்க உகந்தது என்று ஏற்கெனவே ஏழு கட்டுரைகள் நிறுவியுள்ளன. எனவே நிராகரிக்கப்படுகிறது.'

"யாரு மேடம் எழுதினது? எங்க ஊருக்கு யாருமே வரலையே!"

மரகதவல்லி பட்டியலைத் திறந்தார். ஏழிலும் அவர் பெயர் இருந்தது.

"அப்ப சுலபம் மேடம். அதெல்லாம் தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

மரகதவல்லி கதவில் புதிதாக மாட்டியிருந்த 'பேராசிரியர்' பெயர்ப்பலகையைப் பார்த்தார்.

"பாக்கலாம்மா. அடுத்த கமிட்டியில பேசிப் பாக்கறேன்."

நிறைமதி தலையாட்டினாள். அவள் கை மெல்ல மேலே போய் வாயை மூடிக்கொண்டது.