சீயக்காய் வாசனை

2058 மார்ச் 3, விருதுநகர். மருத்துவமனைக் கதவு, பதிவு பெற்ற சோப்பு மணக்கும் ஆட்களுக்கு மட்டுமே திறந்தது.

உள்ளே ஞானசீலனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பிடிக்குமே என்று மனைவி பொற்கொடி தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்து வந்திருந்தாள். கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“குளிச்சிட்டுத்தானே வந்திருக்கேன், தம்பி!”

“எனக்குத் தெரியுதுக்கா. இந்தக் கழுதைக்குத் தெரியணுமே,” என்று காவலாளி கதவைத் தட்டினான். “சோப்புப் போட்டு நல்லா அலசிட்டு வாங்க.”

குழாயடியில் அலசினாள். திரும்பவும் அலசினாள். அடர்ந்த கூந்தலை விட்டு வாசனை போகவில்லை. எதிரேயிருந்த சலூனில் மொட்டையடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கதவு திறந்தது.

ஞானசீலனின் காலிக் கட்டிலை ஊழியர்கள் சோப்புத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.