மாமனார் கொடுத்த துண்டு

பஞ்சை ஊசியால் குத்திக் குத்தியே கல்யாண மண்டபத்துச் சிவப்புக் கம்பளமாக்கும் இயந்திரத்தைக் குனிந்து பார்த்தார் முதலாளி சென்னியப்பன். தோளில் கிடந்த பட்டுத் துண்டின் ஒரு முனை பஞ்சோடு உள்ளே போய்விட்டது. நிறுத்துவதற்குள் பாதித் துண்டு கம்பளமாகியிருந்தது.

"உருவி எடு மரகதம்! மாமனார் கொடுத்தது. சாயங்காலம் கொழுந்தியா கல்யாணத்துல இதைப் போடலீன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

"எந்த நூலைப் புடிச்சு உருவறதுங்க?" என்றாள் இயந்திரம் ஓட்டும் மரகதம். "இதென்ன தறியில நெஞ்ச துணியா? குத்துன குத்துல பட்டும் பஞ்சும் ஒண்ணாயிருச்சு. கத்திரி வெச்சரலாமுங்களா?"

"அவரு குடுத்ததுல கத்திரியா? வாய மூடு!"

கம்பளமும் அதே மண்டபத்துக்குப் போகவேண்டியதுதான். சாயங்காலம், மிச்சத் துண்டு நழுவாமல் கழுத்தில் முடிந்துகொண்டு மேடையோரம் நின்றார் சென்னியப்பன். அவர் கழுத்திலிருந்து இறங்கிய கம்பளம் வாசல்வரை போயிருந்தது.

வாசலில் மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா விரிச்சீங்க மாப்ளே!"

செருப்புக்காலோடு கம்பீரமாக நடந்துவந்தவர், கடைசியில் பட்டு மின்னிய இடத்தில் அழுத்தி மிதித்தார். சென்னியப்பனின் தலை சட்டென்று தாழ்ந்தது.

"அட, கால்ல எல்லாம் எதுக்குங்க விழறீங்க!" என்று பதறிய மாமனார், தூக்கிவிட இன்னும் ஓரடி முன்னால் வைத்தார்.