இரட்டை வளையல்

மருத்துவர் கையை நீட்டச் சொன்னார். சொர்ணம் நீட்டினாள். துணைக்கு வந்த தங்கை புஷ்பமும் நீட்டினாள். இரட்டைப் பிள்ளைகள். இந்த வயதிலும் சேலை, கண்ணாடி வளையல் எல்லாம் இரண்டிரண்டாகத்தான் எடுப்பார்கள். அக்காவின் வளையல்கள் மட்டும் நிற்காமல் கிலுகிலுத்தன.

“உங்க அப்பாவுக்குக் கை நடுங்கினதுக்குக் காரணமான ஜீன் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு,” என்றார் மருத்துவர்.

“அப்புறம் ஏன் இவளுக்கு மட்டும்?” என்று கேட்டாள் புஷ்பம்.

“ஜீன் மட்டும் போதாதும்மா. வருஷக்கணக்கா பயந்து பயந்து வாழ்ந்தா அது முழிச்சுக்கலாம். வீட்டுல ஏதாவது...?”

“ஒண்ணுமில்ல டாக்டர்,” என்றாள் சொர்ணம். கதவுக்கு வெளியே அவள் கணவன் செருமினான். வளையல்கள் பதறின.

அவன் பெண் பார்க்க வந்தது புஷ்பத்தைத்தான். பயந்துபோய் அவள் கொல்லையில் ஒளிந்துகொள்ள, அவள் பெயரில் காபித் தட்டை ஏந்திப் போனவள் சொர்ணம். அந்தப் பெயரிலேயே கல்யாணமும் நடந்தது; ஆள் மாறியது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

“இன்னும் எவ்வளவு நேரம்டி?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“நீ உட்காருக்கா.” புஷ்பம் எழுந்தாள். கையை மெல்ல உதறிப் பார்த்தாள். வளையல்கள் அக்காவுடையவை போலவே கிலுகிலுத்தன. அவள் கதவைத் திறந்தாள்.