தோளில் ஏறிய பானை

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலையில், அந்தக் கிரேக்க நகரத்தார் பால்கனிகளிலிருந்து தண்ணீர்ப் பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பார்கள். சுற்றுலா வந்திருந்த குணசீலனிடமும் விடுதிக்காரம்மா ஒரு பானையைக் கொடுத்தாள். சிரித்தபடியே வாங்கியவன் அதை இடது தோளில் ஏற்றிக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"ஐயோ, இறக்குங்க! கொள்ளிக்குடமா அது?" மனைவி வைதேகி பதறினாள். "மாமா அங்க ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க."

அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கொள்ளிக்குடம் தூக்கியவனைப் போல நிற்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கீழே கூட்டம் கைதட்டி அவசரப்படுத்தியது.

மேசைமேல் அவனுடைய போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து அண்ணன்.

"எடு, வைதேகி."

"மொதல்ல பானைய இறக்குங்க. அப்புறம் எடுக்குறேன்."

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சாய்ந்த பானையிலிருந்து தண்ணீர் அவன் முதுகில் வழியத் தொடங்கியது.