பட்டியலில் ஒரு பெயர்

"நம்ப வச்சுக் கழுத்தை அறுத்துட்டான்," என்றான் கணவன். காலையிலிருந்து இதோடு ஏழாவது முறை. எதிரே காபி ஆறிப்போயிருந்தது.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. தட்டு வைக்க இடம் பத்தாமல், மேஜையில் கிடந்த பழைய லேப்டாப்பை மூடி ஓரமாகத் தள்ளினாள். அவன் புதியது வாங்கியபோது, "சமையல் வீடியோ பாக்க ஆகும், வச்சுக்கோ" என்று அவள் தலையில் கட்டியது அது.

"யாரு, அந்தக் குருவியா?"

"வேற யாரு?"

குருவி என்பது இணையத்தில் வைத்துக்கொண்ட பட்டப்பெயர். ஆள் யாரென்று அவனுக்குத் தெரியாது, பேச்செல்லாம் எழுத்தில்தான். நிரல் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதைக் கட்டிப் பொட்டலமாக்கி ஊருக்கே இலவசமாகக் கொடுக்க அவன் ஒரு கருவி செய்திருந்தான். சணல் என்று பெயர். அதில் மூன்று வருடமாகத் தினமும் கூட உழைத்தது குருவி. ஆபீஸ் வேலை கழுத்தை நெரித்த ஒரு மாதத்தில், சணலின் முழு உரிமையையும் அவன் குருவிக்கும் கொடுத்துவிட்டான்.

இன்று காலை பார்த்தால் அவனால் உள்ளே நுழையவே முடியவில்லை. குருவி அவனுடைய உரிமையைப் பறித்துவிட்டு, புதிய பதிப்பையும் வெளியிட்டிருந்தது. எட்டு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான் அவன்.

"குருவி ஏன் அப்படிப் பண்ணணும்?"

"திமிரு."

"அவ்ளோதானா?"

அவன் ஆறிய காபியை ஒரே மடக்காகக் குடித்தான். "போன வாரம் விருது வாங்கப் போனேன்ல, அதுக்கு முன்னாடி பங்களிப்பாளர் பட்டியல்ல இருந்து குருவி பேரை எடுத்துட்டேன். தனி ஆளாச் செஞ்சதுன்னு சொன்னா மேடையில எடுப்பா இருக்கும். முகமே தெரியாத ஆளு, அதுக்கென்ன இப்போ?"

"குருவிகிட்ட கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்?"

"எவ்ளோ வேலை செஞ்சிருக்கும் அது?"

"பாதி. பாதிக்கு மேலயே இருக்கும்." சொன்ன பிறகு அவனுக்கே லேசாக உறைத்தது. உறைத்த வேகத்தில் மறந்தும்போனது. "அதுக்காக? சணல் என் பிள்ளை மாதிரி. உனக்கு இதெல்லாம் புரியாது, விடு. நீ படிச்சதெல்லாம் எப்பவோ மறந்துபோயிருக்கும்."

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த பீன்ஸை எடுத்தது.

"யாருன்னு மட்டும் தெரியட்டும், ஊரெல்லாம் நாறடிக்கிறேன்."

"எப்படித் தெரியும்?"

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. சணல் கட்டும் ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும், அதைக் கட்டிய கணினிக்கு அதன் சொந்தக்காரர் வைத்த பெயர் பதிவாகிவிடும். இது ஆளைக் காட்டிக்கொடுக்கும், எடுத்துவிடலாம் என்று குருவி பலமுறை எழுதியும் அவன்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சணலின் பதிப்புகளையும் சணலே கட்டும்; இதுவரை எல்லாப் பதிப்பையும் தன் கணினியில் கட்டியது அவன். குருவி தன் கையால் கட்டிய முதல் பொட்டலம் இன்றைக்கு வந்ததுதான்.

"மாட்டினான்," என்று தன் புது லேப்டாப்பில் அதை இறக்கிப் பிரித்தான்.

முதலில் பங்களிப்பாளர் பட்டியல் வந்தது. அவன் பெயர் அதே முதலிடத்தில் இருந்தது. அதன் கீழே குருவியின் பெயர் திரும்பி வந்திருந்தது. தன் பெயரை யாரும் தொடவில்லை என்பதைக்கூட அவன் கவனிக்காமல் அடுத்த ஃபைலைத் திறந்தான்.

"கருங்குதிரை," என்று வாய்விட்டு வாசித்தான்.

முதல் சம்பளத்தில் வாங்கிய லேப்டாப்புக்கு அவனே ஆசையாக வைத்த பெயர் அது. அவன் பார்வை மெல்ல மேஜையின் ஓரத்துக்குப் போனது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"நீங்க எடுத்தது என் பேருங்க."