இலவச டிஷ்

"கேபிளை வெட்டினது நீங்க. ஏணி ஏறுறது மட்டும் நானாப்பா?"

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றுகொண்டு மகள் கத்தினாள். கையில் ஸ்பேனர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வெயில்.

"எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குதேம்மா" என்றார் அப்பா, வாசலிலிருந்து.

கேபிளை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. "பாக்கறது மூணு சேனல். முந்நூறு சேனலுக்கு எதுக்குப் பணம் அழணும்?" என்று சொல்லி, மாதக் கட்டணம் இல்லாத டிஷ் ஒன்றை வாங்கி, ஆள் வைத்து மாட்டினார். செய்தி வந்தது. பழைய பாட்டு வந்தது. விவசாய நிகழ்ச்சி வந்தது. அம்மாவின் சீரியல்கள் வரவில்லை.

வார இறுதியானால் இதுவும் வராது. டிஷ் எங்கோ பார்த்துத் திரும்பியிருக்கும். கேபிள் என்றால் ஒரு போன் போட்டால் ஆள் வருவான். இலவசத்துக்கு யார் வருவார்கள்? ஆறு நாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நின்ற கால்களோடு, இரண்டு பஸ் மாறி மகள்தான் வர வேண்டியிருந்தது.

"இப்போ வருதா?"

டி.வி. முன்னால் அம்மா. நடுவில் அப்பா.

"வருதுங்கறா."

"தெளிவா வருதா?"

"கட்டம் கட்டமா வருதாம்."

"இப்போ?"

"இப்போ போயிடுச்சாம்."

"அம்மாவையே சொல்லச் சொல்லுங்கப்பா. நடுவுல உங்க ஒலிபரப்பு எதுக்கு?"

"அவளுக்கு ஏணியைப் பார்த்தாலே தலை சுத்தும். வெளியில வர மாட்டா."

"அது என்ன, சனிக்கிழமை மட்டும்தான் இங்க காத்தடிக்குதா?"

"காக்கா உக்காருது போல" என்றார் அப்பா.

இந்தத் தடவை அவள் விடுவதாக இல்லை. படம் வந்ததும் வாஷர் வைத்து, நட்டின் மேல் இன்னொரு நட்டு போட்டு, ஸ்பேனரில் உடம்பின் எடை முழுவதையும் இறக்கி முடுக்கினாள்.

இறங்கி வந்தபோது அம்மா காபியோடு நின்றாள். "பாரு, எப்படிக் கறுத்துப் போயிட்டா. இந்த மனுஷனோட கஞ்சத்தனத்துக்கு என் பொண்ணு வெயில்ல காயணும்."

"நேராவே கேக்கறேம்மா. உனக்கு சீரியல் வேணுமா, வேணாமா? கேபிளுக்கு நான் கட்டிடறேன். நாளைக்கே ஆள் வருவான்."

அம்மா மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"அதுக்கென்ன இப்போ அவசரம்? விவசாய நிகழ்ச்சி நல்லாத்தான் இருக்கு."

"நம்ம வீட்ல ஒரு செடிகூடக் கிடையாது."

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

"நல்ல ஜோடிதான் நீங்க ரெண்டு பேரும்! எப்படியோ போங்க. இனிமே அது புயலடிச்சாலும் அசையாது. அடுத்த ஞாயிறு நான் வீட்ல தூங்கப் போறேன்."

டி.வி.யில் ஒருவர் மண்ணைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதை மூவரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"அப்போ எப்ப வருவே?" என்றாள் அம்மா.

"முடியறப்போ வரேம்மா."

கேபிள் இருந்த காலத்திலும் அவள் அதைத்தான் சொல்லுவாள்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பியபோது, அம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். அப்பா பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார். மெதுவாக நடந்தார். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

"உங்க முட்டியால என் பஸ் போச்சு."

"அடுத்தது வரும்."

அடுத்தது வந்தது. அவள் படியில் ஒரு கால் வைத்ததும் அப்பா அவள் முழங்கையைத் தொட்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சுக்கக் கூடாது."

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, பஸ் கிளம்புது."

"அந்த நட்டை இவ்வளவு இறுக்கமா முடுக்காதேம்மா. சனிக்கிழமையானா அதைக் கழட்டறதுக்குள்ள உங்கம்மாவுக்குக் கையெல்லாம் கொப்புளிச்சுப் போகுது."