மொந்தைக்கு ஒரு வாழ்த்து

அணில் மினுக்கியும் எருமை மொந்தையும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று மொந்தைக்குப் பிறந்தநாள். வாழ்த்துச் சொல்ல மினுக்கிக்கு ஆசைதான்; ஆனால் வலியப் போய்ப் பேசுவது கௌரவக் குறைச்சலாயிற்றே! இங்கிலீஷில் சொன்னால் கெத்தாக இருக்கும் என்று, பள்ளிக்கூடத்து மரத்தில் குடியிருந்த கிளியிடம் ஓடியது.

"மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ் ஆஃப் தி டே. இந்த நாள் திரும்பத் திரும்ப வரணும்னு அர்த்தம்" என்றது கிளி.

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டிருக்கிற இந்த நாளா? வேண்டவே வேண்டாம்!"

"அப்போ, மே ஆல் யுவர் ட்ரீம்ஸ் கம் ட்ரூ. கண்ட கனவெல்லாம் பலிக்கட்டும்."

"ஐயையோ! அவளுக்குப் புலி துரத்துற கனவுதான் தினம் வரும்!"

கிளிக்குச் சலித்துவிட்டது. "வெறும் ஹேப்பி பர்த்டேன்னு சொல்லித் தொலை."

அதையே முணுமுணுத்தபடி மினுக்கி குளக்கரைக்குப் போனது. மொந்தை நிமிர்ந்து பார்த்ததும் இங்கிலீஷ் அத்தனையும் மறந்துபோயிற்று.

"நீ இல்லாம பொழுதே போகலடி" என்று விம்மியது.

மொந்தை கரையேறி வந்து, மினுக்கியைத் தலையிலிருந்து வால்வரை ஒரே நக்காக நக்கியது. "திடீர்னு என்னடி இந்தப் பக்கம்?"

"இன்னிக்கு உனக்குப் பிறந்தநாள்டி!"

"அட, இன்னிக்கா?" என்றது மொந்தை.